சந்தனப் பொட்டு வைத்த கார்ட்

என் தங்கத் தம்பி பாலு, இதையும் கேட்டுக்கொள், நேற்றும் நான் அம்மன் கோயில் அம்மிக் கல் வரைக்கும் போய்ப் பாலை ஊற்றாமல் திரும்பி வந்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் போத்தலில் இருந்த பால் திரிந்துவிட்டது. பசும்பால்டா. கீழ் லயத்து வீட்டு வரிசையில் மாடு வைத்திருக்கிறவளிடம் கெஞ்சி வாங்கியது.

எந்தக் கல், என்ன பால் என்று நீ கேட்பாய். மேலே போனவர்களுக்கு இங்கே நடப்பதெல்லாம் தெரியும் என்று பூசாரி சொல்கிறார். ஆனால் நீ உயிரோடு இருந்தபோதே கிரிக்கெட் கார்டைத் தவிர வேறு எதையும் கவனித்ததில்லை. செத்த பிறகு மட்டும் திருந்தியிருப்பாயா? அதனால் எல்லாவற்றையும் நானே சொல்கிறேன்.

போன கிழமை உன் கார்ட் கூட்டாளி நஸார் கண்டியிலிருந்து பன்வில வரைக்கும் என்னைத் தேடி வந்தார். உன் ஒரு வருஷ நினைவுக்குக் கார்ட் சேர்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். “அக்கா, நீங்களும் எழுதுங்க” என்றார். “நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும்தான் தம்பி” என்றேன். “அதனாலென்ன, வாயால சொல்றத அப்படியே எழுதுங்க. உங்க வாய்க்கு ஒரு புத்தகம் பத்தாது” என்றார். பார், உன் கூட்டாளிக்கு எவ்வளவு கொழுப்பு. ஆகவே இதைப் படிக்கிற மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் என் தம்பியோடு பேசுகிறேன். நீங்கள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள்.

உன் பெண்டாட்டி ராணி உன் சலூனைத் திறந்துவிட்டாள் பாலு. முடி வெட்ட ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறாள். அதே கடுகண்ணாவை ஏற்றம், அதே லொறிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகின்றன. சுவர்தான் மொட்டையாக இருக்கிறது. மற்ற சலூன்களில் நடிகைகள் படம் ஒட்டியிருப்பார்கள். உன் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கிரிக்கெட் கார்டுகள். பபிள்கம் பக்கற்றில் வந்தது, பிஸ்கட் பெட்டியில் வந்தது, நஸார் வெளிநாட்டிலிருந்து தருவித்தது. தலையைக் கொடுத்தவன் சும்மா இருக்காமல் “அது யாருண்ணே?” என்று ஒரு சட்டத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. கத்தரிக்கோலைப் பிடித்தபடி அந்த ஆட்டக்காரரின் ஜாதகத்தையே சொல்லுவாய். அவன் பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பான்.

கார்டைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, டாக்டர் மாதிரிக் கையுறை மாட்டுவாய். ஓரத்தை மட்டும் பிடிப்பாய். “மூலை மடிஞ்சா கார்ட் செத்துப்போச்சுக்கா” என்பாய். நான் ஒரு தடவை தேங்காயெண்ணெய்க் கையோடு ஒன்றைத் தூக்கிவிட்டேன் என்று எத்தனை மாதம் என்னோடு பேசாமல் இருந்தாய்! ராணி சொல்லுவாள்: “என்னைய ஒரு நாளாவது இப்படிப் பதமாப் புடிச்சிருந்தா நான் இன்னும் நாலு பெத்திருப்பேன் மதினி.” இதை நஸார் வெட்டிவிடுவார். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உன் கூட்டாளிகளுக்கு இதெல்லாம் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது, அல்லது தெரிந்தும் பேசப் பிடிக்காதது, மூர்த்தி அண்ணனைப் பற்றி. அவர் பெயர் இந்தப் புத்தகத்தில் வரக்கூடாது என்று சிலர் சொன்னார்களாம். வரும். நம்மோடு ஒரே வயிற்றில் பிறந்தவரை நான் எங்கே கொண்டுபோய் ஒளிக்க?

ஆரம்பித்து வைத்ததே அவர்தானே. சின்ன வயதிலேயே கண்டி டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனவர். லீவில் வரும்போது, எலி கடித்து விற்க முடியாமல் போன பபிள்கம் பக்கற்றுகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருவார். கம் எனக்கு. உள்ளே இருந்த கார்ட் உனக்கு. நீ அவற்றைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குவாய். நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நீ கேட்கவில்லை. விளக்குப் புகை பிடிக்கும் என்றாய். அந்த வயதில் உனக்கு அந்தப் புத்தி.

அப்படி வந்ததில் ஒன்றுதான் அந்த இரண்டு பேர் கார்ட். படம் ஒரு கறுத்த வேகப்பந்துக்காரருடையது. கீழே அடித்திருந்த பெயரோ ஒரு வெள்ளைக்கார மட்டையாளருடையது. அச்சடித்தவன் தூங்கிவிட்டான். அந்தத் தப்புக்காகவே அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பிற்பாடு நஸார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நமக்கு அப்போது அது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

அப்பா கார்டைப் பார்த்தது ஒரு சம்பள நாளில். குடித்துவிட்டு வந்தார். “சூதாடுறியாடா, நாயே!” என்று பெல்ட்டைக் கழற்றினார். கிரிக்கெட் கார்டுக்கும் சூதாட்டச் சீட்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. உன் முதுகில் பெல்ட்டின் இரும்பு பட்டுத் தோல் பிய்ந்தது. நீ முதுகைக் கொடுத்துவிட்டுக் கார்டுகளின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாய். அப்பா உன்னைக் காலால் புரட்டி, எல்லாவற்றையும் அள்ளி எரிகிற அடுப்புக்குள் போட்டார்.

லீவில் வந்திருந்த அண்ணன் ஓடி வந்தார். வெறும் கையை அடுப்புக்குள் விட்டார் பாலு. கொள்ளிகளுக்கு நடுவில் துழாவி, கிடைத்ததை எடுத்து வெளியே வீசினார். உள்ளங்கைத் தோல் வாழைச் சருகு மாதிரித் தொங்கியது. அந்தக் கையின் மேலேயே அப்பா மண்வெட்டிப் பிடியால் ஒரு போடு போட்டார். அண்ணன் எழுந்து, அதே கையால் அப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். அப்பாவின் கண் வெளியே வந்துவிடும் போல் இருந்தது. நான் முருகா முருகா என்று கத்தினேன். அன்றைக்கு நம் வீட்டில் கை ஓங்கும் உரிமை அப்பாவிடமிருந்து அண்ணனுக்குப் போனது.

அந்த வேகப்பந்துக்காரர் தப்பித்தார். ஒரு ஓரம் மட்டும் கருகியிருந்தது. மூலை மடிந்தாலே செத்ததாகச் சொல்லுகிற நீ, அந்த ஒரு கார்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு உனக்காக அண்ணன் அடித்த அடிகளை எழுதினால் புத்தகம் முழுவதும் இரத்தமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் உன் கார்டைப் பிடுங்கியவனைத் தேயிலைக்குள் இழுத்துப்போய் முகத்தைக் கல்லில் தேய்த்தார். பஸ்ஸில் உன்னைத் தள்ளிய கண்டக்டரின் காதைக் கிழித்துவிட்டார். நீ வேறு மாதிரி. அடி விழும்போது முகத்தை மறைக்க மாட்டாய், சட்டைப் பையை மறைப்பாய். அடி வாங்குவாய், திருப்பி அடிக்க மாட்டாய். நான் வளர்த்த பாலு அவன்தான்.

ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கார்ட் கிடந்து முள்ளாகக் குத்தியது. அண்ணனும் விடாமல் சேர்த்தார். ஹேவாஹெட்டையில் தேயிலை ஃபெக்டரி வேலை, பெண்டாட்டி செத்த பிறகு தனி அறை, கட்டிலுக்குக் கீழே அல்பங்கள். அந்த வரிசையில் அவரிடம் இல்லாதது அது ஒன்றுதான். “நெருப்புலேருந்து எடுத்தவன் நான்” என்பார். “இத்தன வருஷம் காப்பாத்தினவன் நான்” என்பாய். உன் கல்யாணத்தன்றே பந்தலில் கதிரை பறந்தது. ஒரு தைப்பொங்கலுக்கு அவர் பொங்கல் பானையை எட்டி உதைத்தார், கொதித்த பால் என் காலில் ஊற்றியது. தழும்பு இன்னும் இருக்கிறது. நான்தான் இரண்டு பேருக்கும் ஒரு வழி சொன்னேன்: கார்ட் உன்னிடமே இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூசை அன்றைக்கு, அண்ணன் வந்து அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டீர்கள். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சாமி பார்க்கப் போகிற மாதிரி ஹேவாஹெட்டையிலிருந்து பஸ் ஏறுவார்.

போன வருஷ ஆயுத பூசைக்கு அவருக்குக் காய்ச்சல், போகவில்லை என்றார். நாங்கள் நம்பினோம்.

அன்று ராணி பூசையை முடித்துவிட்டுப் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய்விட்டாள். மத்தியானம், பக்கத்து டயர் கடைக்காரர்தான் பார்த்திருக்கிறார். உன்னை “மல்லி, மல்லி” என்று தன் தம்பியாகவே கூப்பிடுகிற அந்தச் சிங்களவர்தான். இழுத்து மூடியிருந்த தகரக் கதவுக்குக் கீழே இரத்தம் வந்திருந்தது. தூக்கித் திறந்தால் சட்டங்கள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. கார்டுகள் இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சலூன் கதிரையில் தலை சாய்க்கிற கட்டை இருக்குமே, அதை இரும்புத் தண்டோடு உருவி எடுத்து உன் மண்டையில் அடித்திருந்தார்கள். ஒரு அடி இல்லை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது உன் தலை உன் தலையாகவே இல்லை. மெஷின்தான் மூச்சு விட்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்து கந்த சஷ்டி முழுவதும் சொன்னேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய்.

கார்டைத் திருட வந்தவர்கள் என்று பொலிஸ் சொன்னது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உன் பாடையை முன்னால் தூக்கியது யார் தெரியுமா? மூர்த்தி அண்ணன். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கத்தி பட்டுவிட்டது என்றார்.

உன்னைப் புதைத்துப் பால் தெளித்த மறுநாள், தீட்டையும் பார்க்காமல் நான் அம்மன் கோயிலுக்குப் போனேன். நம் கோயிலில் வேப்ப மரத்தடியில் கிடக்கிற அந்த அம்மி உனக்குத் தெரியும். களவு கொடுத்தவர்களும் கொலை கொடுத்தவர்களும் மிளகாய் அரைக்கிற கல். காய்ந்த செத்தல் மிளகாயும் மிளகும் வைத்து, ஈரத் துணியோடு உட்கார்ந்து, செய்தவனைச் சொல்லி அரைத்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். நான் அதுவரைக்கும் அந்தக் கல்லைத் தொட்டதில்லை. பூக் கட்டுகிற கை. ஆனால் அன்றைக்கு எனக்குள் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள். “என் தம்பிய அடிச்ச கை அழுகணும். விரல் விரலா விழணும். அவன் சோத்தப் பெசையக் கையில்லாம நாய் மாதிரி வாயால திங்கணும்” என்று சொல்லிச் சொல்லி அரைத்தேன். மிளகாய் நெடியில் பூசாரி கூட இருமிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். என் கை கொப்புளித்தது. நிறுத்தவில்லை.

மிளகாய் வாங்கிக்கொண்டு வந்தது மூர்த்தி அண்ணன். நான்தான் வாங்கி வரச் சொன்னேன். நான் அரைத்து முடிக்கும் வரைக்கும் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கருமாதி முடிந்த பிறகு, நான்தான் செய்தேன் என்று சொல்ல அவர் பொலிஸுக்கு நடந்தே போனார். பஸ்ஸில் கூடப் போகவில்லை. அதற்குள் விஷயம் எப்படியோ பரவி, கடுகண்ணாவையில் சனங்கள் வழி மறித்துவிட்டார்கள். செருப்பால் அடித்தார்கள், விறகால் அடித்தார்கள், வாயெல்லாம் இரத்தம். பொலிஸ் இழுத்து உள்ளே போட்டிருக்காவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும். நம் சொந்தக்காரர்கள் லொறி பிடித்து ஹேவாஹெட்டைக்குப் போனார்கள். நானும் ஏறிக்கொண்டேன், பொய் சொல்லமாட்டேன். அவர் அறைக் கதவைக் கோடரியால் கொத்தினார்கள். கட்டிலை உடைத்தார்கள். ராணி அல்பங்களை முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினாள். ஒரு ஆயுள் சேர்த்ததுடா, சுருண்டு சுருண்டு எரிந்தது. பிற்பாடு அதைக் கேள்விப்பட்ட நஸார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அவன எரிச்சிருக்கலாமே அக்கா, கார்ட் என்ன பண்ணிச்சு?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலும்.

சிறைக்குப் பார்க்கப் போக எனக்கு மனம் வர நாள் எடுத்தது. போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வலது கையில் பெரிய கட்டு. சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. முன் பல் ஒன்று முனை உடைந்திருந்தது.

“வந்துட்டியா பாப்பா?” என்றார். இந்த வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

“கை என்னாண்ணே?”

“கண்ணாடி வெட்டினது. ஆறவே இல்ல. சீனி வருத்தம், சக்கர வியாதின்னு டாக்டர் சொல்றாரு. எனக்குல்ல தெரியும், என்ன வருத்தம்னு. நீ அரைக்க அரைக்க இந்தக் கைதான் எரிஞ்சுச்சு.”

“தெரியாமத்தானேண்ணே அரைச்சேன்?”

“தெரிஞ்சிருந்தா அரைச்சிருக்க மாட்டியா?”

நீயே சொல், அரைத்திருப்பேனா மாட்டேனா?

“ஏண்ணே அடிச்ச? தூக்கி வளத்த கையாலயே ஏண்ணே அடிச்ச?”

அவர் வலையைப் பார்த்தபடியே சொன்னார்: “கத்தரிக்கோலுக்குப் பொட்டு வச்சிருந்தான். கண்ணாடிக்கு வச்சிருந்தான். கதிரைக்கு, சவரக் கத்திக்கு, தண்ணி பீச்சுற போத்தலுக்குக் கூட வச்சிருந்தான். அந்தக் கார்டுக்கு மட்டும் இல்ல. அதுதானே பாப்பா எங்க ரெண்டு பேருக்கும் சாமி? அவன் தேத்தண்ணி ஊத்த உள்ள போனான். நான் சந்தனத்தத் தொட்டு ஒரு பொட்டு, மேல கொஞ்சம் குங்குமம். வச்சுட்டுக் கும்பிட்டேன். அவ்வளவுதான்.”

“உறைக்கு மேலயா?”

“படத்து மேல.”

ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். உன்னைத் தெரிந்த எவருக்கும் அது கொலைக்குச் சமம் என்று தெரியும். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும் பாலு. நான் அங்கே இருந்திருந்தால் நானும் வைத்திருப்பேன். பூசை நாளில் வீட்டில் இருக்கிற ஒரு பொருளைப் பொட்டில்லாமல் விட்டால் அதன் மனம் நோகும் என்றுதானே நாம் வளர்ந்தோம். ஆசையாகச் செய்தது. எண்ணெய்க் கைக்கே பேசாமல் இருந்தவன் நீ. அந்தச் சந்தனத்தைப் பார்த்து என்ன செய்திருப்பாய்?

“அவன்தான் மொதல்ல அடிச்சான்” என்றார் அண்ணன். “தேத்தண்ணிக் கோப்பையப் போட்டுட்டு வந்து என் வாயிலயே குத்தினான். நான் விழுந்தேன். மறுபடி குத்தினான். அப்புறம்தான் என் கைக்கு அந்தக் கட்டை கெடச்சிச்சு.”

“பொய் சொல்லாத. பாலு யாரையும் அடிக்க மாட்டான். வாய்ல சனங்கதான் அடிச்சாங்க, நான் பாத்தேன்.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வக்கீலே சிரிக்கிறாரு. அவன் அடிச்சது நெசம்னா வழக்கே வேற மாதிரிப் போகுமாம். பாத்தவங்க யாரு இருக்கா?”

“சத்தியம் பண்ணு.”

“எந்தக் கையால பாப்பா?” என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன். வந்து, பஸ் வரும் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே நின்றேன். செத்தவன் தலையில் பழியையும் போடுகிறான் பார் என்று. பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப் போய் நின்றாள்.

இப்போது முழுக் கையையும் எடுக்க வேண்டி வரும் என்கிறார்கள். சீழ் மேலே ஏறுகிறதாம். உயிருக்கே உத்தரவாதம் இல்லையாம். அதனால் பூசாரியிடம் போய்க் கேட்டேன், அரைத்ததைத் திருப்ப முடியுமா என்று. “கல்லப் பாலூத்திக் கழுவி, மஞ்சத் தண்ணி விட்டுக் குளுமை பண்ணலாம்மா” என்றார். “ஆனா செத்தவங்க மனசு ஒப்பணும். ஒப்பாமக் கழுவினா, அரைச்சது கழுவினவங்க வீட்டுக்கே திரும்பும்.” எனக்கு வந்தால் வரட்டும். உன் மனம் ஒப்புமா என்பதுதான் என் பயம்.

ராணியிடம் கேட்டேன். சலூன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றை என் முகத்துக்கு நேரே தூக்கிவிட்டாள். “கழுவுங்க மதினி, நல்லாக் கழுவுங்க. கழுவிட்டு அப்படியே அந்தப் பக்கமாப் போயிருங்க. என் வாசப்படிய மிதிச்சீங்க, ஒங்க மண்டையும் ஒடையும். அந்தாளு கை அழுகுற செய்தி கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தகரக் கதவில் உன் இரத்தத்தைத் தேய்த்துக் கழுவியது அவள்.

ஆகவேதான் போத்தலில் பாலோடு போகிறதும் வருகிறதுமாக இருக்கிறேன். கல்லுக்கு முன்னால் உட்காருகிறேன். அடுப்புக்குள் போன அந்தக் கை ஞாபகம் வருகிறது, ஊற்றலாம் என்று போத்தலைத் திறக்கிறேன். உடனே உன் தலை ஞாபகம் வருகிறது, மூடிவிடுகிறேன். அம்மன் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் எத்தனை பேரின் மிளகாயைப் பார்த்திருப்பாள். என்னைப் போல ஒரு கிறுக்கியைப் பார்த்திருக்க மாட்டாள்.

உனக்குச் சொல்ல இன்னும் செய்திகள் இருக்கின்றன. நஸார் உன் கார்டுகளில் இரத்தம் படாதவற்றைப் பஞ்சால் ஒற்றி எடுத்து வைத்திருக்கிறார். பட்டவற்றையும் எறிய மனமில்லாமல் தனி அல்பத்தில் போட்டிருக்கிறார். அந்த வேகப்பந்துக்காரர் கோர்ட்டில் இருக்கிறார். பொலித்தீன் பைக்குள் போட்டு அரக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். “பாலு போட்ட உறைய விட நல்ல உறை” என்று நஸார் சொல்லி, சொன்ன வாயோடு அழுதுவிட்டார். வழக்கு அன்று தூரத்திலிருந்து எனக்குக் காட்டினார்கள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போய் அப்படியே இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, அந்த மனுஷனுக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது.

நீதான் முதலில் அடித்தாயா தம்பி? என்னிடம் மட்டும் சொல்லக்கூடாதா? அண்ணன் சொல்வதை நான் நம்பவில்லை. வக்கீல் நம்பவில்லை. ஊர் நம்பவில்லை. ஆனால் நீ சொன்னால் நம்புவேன். கனவில் வருகிறாய், அல்பத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாய், தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாய்.

சரி, இதையும் கேள். எல்லாரும் படிக்க எழுதித் தருகிறேன். நீ வாய் திறந்து சொல்லாத வரைக்கும் நான் அந்தக் கல்லில் ஒரு சொட்டுப் பால் ஊற்றமாட்டேன். அண்ணன் கை போனாலும் சரி. நீ சொல்லிவிட்டால், ராணி என் மண்டையை உடைத்தாலும் அன்றைக்கே போய்க் கழுவுவேன். கோர்ட்டிலும் ஏறி நின்று சொல்லுவேன். அம்மன் மேல் ஆணை.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
புஷ்பவள்ளி

இரு பாலு. நஸாரிடம் கொடுக்கக் கடிதத்தை மடிக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரியில் தாதி ஈரத் துணி தந்தாள், உன் கையைத் துடைத்துவிடச் சொல்லி. வலது கை, நடு விரல் மொளியில் ஒரு வெட்டு. அதற்குள் வெள்ளையாக ஒரு துண்டு குத்திக்கொண்டு நின்றது. கண்ணாடித் துண்டு என்று நினைத்து நகத்தால் நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டேன். கண்ணாடி இல்லை அது. ஒரு பக்கம் மஞ்சள் கறை இருந்தது. பல் துண்டு.

உன் பல் ஒன்றும் உடைந்திருக்கவில்லை. வாய்க்கரிசி போடும்போது நான் பார்த்தேனே, எல்லாம் முழுதாக இருந்தது.